ஒரே சராசரி, மூன்று வானிலை: அமெரிக்காவில் வெப்பநிலை எங்கே, எப்போது அதிகம் ஆடும்?

நீங்கள் கேட்டது இது: மேற்குக் கரையின் சியாட்டில், கிழக்குக் கரையின் பாஸ்டன், ராக்கி மலையடிவாரத்து டென்வர் மூன்றில் ஏதோ ஒன்றுக்குக் குடிபோக வேண்டியிருக்கிறது. மூன்றுக்கும் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 11 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் இருக்கிறது. அப்படியிருக்க, அங்கே இருப்பவர்கள் ஏன் மூன்று வேறு நாடுகளைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுகிறார்கள்?

ஆண்டுச் சராசரியை முதலில் ஒதுக்கி வையுங்கள். ஓர் ஊரில் வாழ்வது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள அதைவிட உதவாத எண் வேறில்லை. அந்தச் சராசரியைச் சுற்றி வெப்பநிலை எவ்வளவு ஆடுகிறது, எந்த மாதத்தில் ஆடுகிறது, மேலே போகிறதா கீழே போகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஆட்டத்திலும் வகை உண்டு. கோடைக்கும் குளிர்காலத்துக்கும் உள்ள இடைவெளி ஒன்று. ஒரே நாளில் பின்மதியத்துக்கும் விடியற்காலைக்கும் உள்ள இடைவெளி இன்னொன்று. ஒரே பருவத்துக்குள் இன்றைக்கும் நாளைக்கும் நடக்கும் மாற்றம் மூன்றாவது. ஒன்று அதிகமாக இருந்தால் மற்றவையும் அதிகமாக இருக்கும் என்று கட்டாயம் இல்லை. சியாட்டிலில் ஜனவரிச் சராசரி 6 டிகிரிக்கு அருகில், கோடையின் உச்சத்தில் 19 போல. 13, 14 டிகிரி இடைவெளிதான். பாஸ்டனில் ஜனவரி மைனஸ் 1, ஜூலை 23. டென்வரில் ஏறக்குறைய 0, ஜூலை 24. பருவ இடைவெளியில் பாஸ்டனும் டென்வரும் ஒரே கட்சி. ஆனால் பகலுக்கும் இரவுக்கும் உள்ள வித்தியாசம் பாஸ்டனில் 8, 9 டிகிரியோடு நின்றுவிடும். டென்வரில் ஆண்டு முழுக்கவே 14 முதல் 16 டிகிரி. சியாட்டிலில் குளிர்காலத்தில் ஐந்தாறு டிகிரி, கோடையில் அதைப்போல இரண்டு மடங்கு. நாளுக்கு நாள் மாறுவதை எடுத்துக்கொண்டால் டென்வர் மிக மோசம், பாஸ்டன் நடுவில், சியாட்டில் சாது.

இதற்கெல்லாம் பின்னால் ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது: ஒன்றிரண்டு நாளில் காற்று உங்கள் ஊருக்கு எங்கிருந்தெல்லாம் வந்து சேர முடியும், அந்த இடங்களின் வெப்பநிலை ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகிறது? வரக்கூடிய காற்றெல்லாம் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில் இருந்தால், காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் உங்களுக்குப் பெரிய மாற்றம் தெரியாது. வடக்கே உறைபனியும் தெற்கே வெதுவெதுப்பான கடலும் இருந்தால், திசை மாறும்போதெல்லாம் பருவமே மாறியதுபோல இருக்கும்.

எண்ணோடு பார்த்தால் இது நன்றாகப் புரியும். டெக்சாஸின் ஹூஸ்டனுக்கும் அமெரிக்க எல்லைக்குச் சற்று வடக்கே கனடாவில் இருக்கும் வினிபெக்குக்கும் நடுவே சுமார் 2,200 கிலோமீட்டர். ஜனவரியில் ஹூஸ்டன் சராசரி 12 டிகிரியை ஒட்டி, வினிபெக் மைனஸ் 16ஐ ஒட்டி. 28 டிகிரி வித்தியாசம். ஜூலையில் ஹூஸ்டன் 29, 30, வினிபெக் 20. வித்தியாசம் பத்து டிகிரிக்குள் சுருங்கிவிடுகிறது. அதாவது இரண்டு இடத்துக்கும் நடுவில் இருக்கும் கன்சாஸ்காரருக்கு, குளிர்காலத்தில் வடகாற்றுக்கும் தென்காற்றுக்கும் உள்ள வேறுபாடு கோடையில் இருப்பதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. அமெரிக்காவின் உள்நாட்டுப் பகுதிகள் பலவற்றில் தினசரி வெப்பநிலையின் திட்ட விலக்கத்தை (சராசரியிலிருந்து நாட்கள் எவ்வளவு விலகுகின்றன என்பதன் அளவை) கணக்கிட்டால், ஜனவரி எண் ஜூலை எண்ணைப்போல இரண்டு, மூன்று மடங்கு வருவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

கோடையில் ஏன் சமமாகிறது? வடக்கே போகப் போக சூரியன் சாய்வாக விழும், ஆனால் பகல் நீளும். இரண்டும் ஒன்றையொன்று ஏறக்குறைய ஈடுகட்டிவிடும். ஜூன் பிற்பகுதியில் வளிமண்டலத்தின் உச்சியை ஒரு முழுநாளில் வந்தடையும் சூரிய ஆற்றலை எடுத்தால், வட துருவம் நிலநடுக்கோட்டையே மிஞ்சும். டிசம்பரில் நிலைமை தலைகீழ்: சாய்வும் அதிகம், பகலும் குறைவு, தரையில் பனி வேறு மூடி, விழும் கொஞ்ச வெயிலையும் திருப்பி அனுப்பிவிடும். வடக்கு தெற்கு வித்தியாசம் பெருகப் பெருக, அதனால் உருவாகி, வானில் வெகு உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமாகப் பாயும் ஜெட் காற்றோட்டமும் வலுத்து, தெற்கே இறங்கி, நாட்டின் குறுக்கே ஒன்றன்பின் ஒன்றாகப் புயல் அமைப்புகளைத் தள்ளிக்கொண்டு வரும். அவைதான் காற்றின் திசையைத் திருப்புகின்றன. ஆக குளிர்காலத்தில் வேறுபாடும் அதிகம், அதைக் கலக்கும் கையும் வேகம்.

அமெரிக்காவின் நில அமைப்பு இதை இன்னும் மோசமாக்குகிறது. ராக்கி, அப்பலாச்சியன் இரண்டு மலைத்தொடர்களும் ஏறக்குறைய வடக்கு தெற்காக ஓடுகின்றன. நடுவில் ஆர்க்டிக்கிலிருந்து மெக்சிகோ வளைகுடா வரை குறுக்கே ஒரு மலைகூடக் கிடையாது. இமயமலையைப்போல ஒரு சுவர் கிழக்கு மேற்காக இருந்திருந்தால் டெக்சாஸின் வரலாறே வேறு மாதிரி இருந்திருக்கும். 1911 நவம்பர் 11 அன்று ஓக்லஹோமா நகரத்தில் பகலில் 28 டிகிரி. நள்ளிரவுக்குள் மைனஸ் 8. அந்தத் தேதிக்கான அதிகபட்ச வெப்பப் பதிவும் குறைந்தபட்சப் பதிவும் ஒரே நாளில் எழுதப்பட்டன, இன்றுவரை இரண்டும் முறியடிக்கப்படவில்லை. அந்தப் பகுதி மக்கள் இப்படி வந்து மோதும் வடகாற்றை ‘புளூ நார்தர்’ என்பார்கள். சமீபத்திய உதாரணம் வேண்டுமானால், 2022 டிசம்பர் 21 அன்று வயோமிங்கின் ஷாயென் நகரில் அரை மணி நேரத்தில் 6 டிகிரியிலிருந்து மைனஸ் 16க்கு இறங்கியது.

உச்சகட்ட ஆட்டத்துக்கு ராக்கி மலையின் கிழக்கு அடிவாரத்துக்குத்தான் போக வேண்டும். மொன்டானா, வயோமிங், தெற்கு டகோட்டாவின் மேற்குப் பகுதி. அங்கே ஆர்க்டிக் காற்று இறங்கும்போது தரையோடு ஒட்டி, சில நூறு மீட்டர் தடிமனே உள்ள ஒரு கனமான படலமாகத் தேங்கி நிற்கும். அதற்கு மேலே, பசிபிக் பக்கமிருந்து மலையைத் தாண்டி வரும் காற்று சரிவில் இறங்குகிறது. இறங்கும் காற்று அழுத்தப்படுவதால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய 10 டிகிரி சூடாகும். மேற்குச் சரிவில் ஏறும்போது மழையாகவும் பனியாகவும் ஈரத்தைக் கொட்டிவிட்டு வந்திருப்பதால் உலர்ந்தும் இருக்கும். இதுதான் சினூக் காற்று. இது கீழே இருக்கும் குளிர்ப் படலத்தைத் துடைத்துத் தள்ளிவிட்டால் ஊர் சில நிமிடங்களில் குளிர்காலத்திலிருந்து வசந்தத்துக்குப் போய்விடும்.

1943 ஜனவரி 22 அன்று தெற்கு டகோட்டாவின் ஸ்பியர்ஃபிஷ் நகரில் காலை 7.30க்கு மைனஸ் 20. 7.32க்கு 7 டிகிரி. இரண்டு நிமிடத்தில் 27 டிகிரி ஏற்றம். ஒன்பது மணிக்கு 12 டிகிரி வரை போய், அப்புறம் அரை மணிக்கும் குறைவான நேரத்தில் பழையபடி மைனஸ் 20க்கே விழுந்தது. வீட்டு ஜன்னல் கண்ணாடிகள் விரிசல் விட்டன. குளிர்ப் படலத்தின் விளிம்பு அந்த ஊருக்கு மேல் முன்னும் பின்னுமாக அசைந்ததுதான் காரணம். அதே நாளில் அருகருகே இருக்கும் லீட், டெட்வுட் என்ற இரண்டு ஊர்களில், ஒன்றில் 11 டிகிரி, மற்றதில் மைனஸ் 27 என்று ஒரே நேரத்தில் பதிவாகியிருக்கிறது. மேலே இருந்த லீட் படலத்துக்கு வெளியே, பள்ளத்தில் இருந்த டெட்வுட் உள்ளே.

24 மணி நேர ஏற்றத்துக்கான சாதனையும் இந்த அடிவாரத்தில்தான்: மொன்டானாவின் லோமாவில் 1972 ஜனவரி 14, 15 தேதிகளில் மைனஸ் 48லிருந்து 9 டிகிரிக்கு, 57 டிகிரி ஏற்றம். இறக்கத்துக்கு அதே மாநிலத்தின் பிரவுனிங்: 1916 ஜனவரி 23, 24இல் 7 டிகிரியிலிருந்து மைனஸ் 49க்கு. எல்லாமே ஜனவரி என்பதைக் கவனியுங்கள்.

இதன் எதிர்முனை ஃப்ளோரிடாவின் தென்கோடியில் இருக்கும் கீ வெஸ்ட் தீவு. அங்கே பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 5 டிகிரி, மிக அதிகம் 36 டிகிரி. நூறாண்டுகளுக்கு மேலான பதிவுகளின் மொத்த வீச்சே 31 டிகிரிதான். ஸ்பியர்ஃபிஷ் இரண்டு நிமிடத்தில் கடந்ததைவிடச் சற்றே அதிகம்.

கடலுக்குப் பக்கத்தில் இருந்தால் ஆட்டம் குறையும் என்று பள்ளியில் படித்திருப்போம். பாதி உண்மை. கடல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான் முக்கியம், ஏனென்றால் இந்த அட்சரேகைகளில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே போகிறது. சான் பிரான்சிஸ்கோவும் வர்ஜீனியாவின் ரிச்மண்டும் ஏறக்குறைய ஒரே அட்சரேகை. சான் பிரான்சிஸ்கோவில் மிகக் குளிர்ந்த மாதத்துக்கும் மிக வெப்பமான மாதத்துக்கும் சராசரியில் ஆறேழு டிகிரிதான் வித்தியாசம், அந்த வெப்பமான மாதமும் பெரும்பாலும் செப்டம்பர். ரிச்மண்டில் ஜனவரி 3, ஜூலை 26. அட்லாண்டிக் எத்தனை அருகில் இருந்தாலும், ரிச்மண்டுக்கும் பாஸ்டனுக்கும் குளிர்காலக் காற்று வருவது கண்டத்தின் உள்ளேயிருந்து. சியாட்டில் சாதுவாக இருப்பதும் பாஸ்டன் அப்படி இல்லாததும் இதனால்தான்.

பெரிய ஏரிகளும் இதே வேலையைச் சின்ன அளவில் செய்கின்றன. மிச்சிகன் ஏரியின் கிழக்குக் கரையில் செர்ரித் தோட்டங்கள் இருப்பதற்குக் காரணம், வசந்தத்தில் ஏரி குளிர்ந்தே இருந்து மரங்களைச் சீக்கிரம் பூக்க விடாமல் தாமதப்படுத்துவதுதான். பூத்த பிறகு வரும் உறைபனி அங்கே அவ்வளவாக வாய்ப்பதில்லை. எதிர்க்கரையான விஸ்கான்சினுக்கு அந்தச் சலுகை குறைவு; காற்று அங்கே முதலில் நிலத்தைத் தாண்டித்தான் வருகிறது.

அலாஸ்காவைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும். நடுப்பகுதியில் இருக்கும் ஃபேர்பேங்க்ஸில் ஜனவரிச் சராசரி மைனஸ் 22, ஜூலை 17. பருவ இடைவெளி மட்டுமே 39 டிகிரி. குளிர்காலத்தில் வானம் தெளிந்து காற்று அசையாமல் இருந்தால் பள்ளத்தாக்கில் குளிர் தேங்கிக்கொண்டே போகும். மேகம் வந்தாலோ காற்று வீசினாலோ சட்டென்று ஏறும். தென்கிழக்குக் கரையின் ஜூனோவில் இந்த நாடகம் எதுவும் இல்லை. இன்னொரு வேடிக்கை: அலாஸ்காவின் அதிகபட்ச வெப்பநிலைப் பதிவும் ஹவாயின் அதிகபட்சப் பதிவும் ஒன்றே, ஏறக்குறைய 38 டிகிரி. முன்னது ஃபோர்ட் யூகானில் 1915 ஜூனில், பின்னது பஹாலாவில் 1931 ஏப்ரலில். கடலுக்கு நடுவில் இருக்கும் ஹோனலூலுவில் ஆண்டு முழுவதற்கும் மாதச் சராசரி நான்கைந்து டிகிரிதான் நகர்கிறது.

கோடைக்கு வருவோம். தென்கிழக்கு மாநிலங்களில் ஜூலை மாதம் சலிப்பூட்டும் அளவுக்கு ஒரே மாதிரி இருக்கும். 32, 33, 32, 33 என்று போய்க்கொண்டே இருக்கும். வளைகுடாவிலிருந்து ஈரக்காற்று வந்தபடி இருக்கிறது, மண்ணிலும் ஈரம். சூரிய ஆற்றலில் பெரும்பங்கு நீரை ஆவியாக்குவதில் செலவாகிறது. கொஞ்சம் சூடு ஏறினால் மாலையில் இடி மழை வந்து இறக்கிவிடும். மண் காய்ந்துவிட்டால்தான் இந்தப் பூட்டு உடையும். ராக்கி மலைக்குக் கிழக்கே பரந்து கிடக்கும் பெருஞ்சமவெளியில் 1936இல் அதுதான் நடந்தது. வடக்கு டகோட்டாவில் அந்த ஆண்டு பிப்ரவரியில் பார்ஷல் என்ற ஊரில் மைனஸ் 51, ஜூலையில் ஸ்டீல் என்ற ஊரில் 49 டிகிரி. அந்த மாநிலத்தின் குளிர்ச் சாதனையும் வெப்பச் சாதனையும் ஐந்து மாத இடைவெளியில், ஒரே ஆண்டில்.

பகல் இரவு வேறுபாட்டின் கணக்கு வேறு. இதில் காற்று எங்கிருந்து வருகிறது என்பதைவிட அதில் எவ்வளவு நீராவி இருக்கிறது என்பதே பெரிது. நீராவியும் மேகமும் தரையிலிருந்து கிளம்பும் வெப்பத்தை இரவில் தப்ப விடாது. உலர்ந்த காற்றும் தெளிந்த வானமும் உள்ள உயரமான மேற்கு மாநிலங்களில் இரவில் வெப்பம் அப்படியே வெளியேறிவிடும். நெவாடாவின் ரீனோவில் ஜூலைப் பகலுக்கும் இரவுக்கும் நடுவே சுமார் 18 டிகிரி. நியூ ஆர்லியன்ஸில் அதில் பாதி. ஏறக்குறைய 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் டென்வரும் இந்த உலர்ந்த கூட்டத்தில்தான் சேரும். அங்கே கோடையிலும் மாலைக்கு ஒரு மேல்சட்டை எடுத்துப்போகச் சொல்வது இதனால்தான்.

வசந்தமும் இலையுதிர்காலமும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் என்று நினைத்துவிடாதீர்கள். ஏப்ரலில் தெற்கே வெயில் ஏறிவிட்டது, கனடாவிலோ பனி இன்னும் கிடக்கிறது. சமவெளியில் ஆட்டம் தொடரும், டொர்னாடோ எனப்படும் சூறாவளிச் சுழல்களின் காலமும் அதுவே. பாஸ்டன் பக்கம் இதற்கு ஒரு தனிச் சுவை உண்டு. ஏப்ரலில் அட்லாண்டிக் நீர் 10 டிகிரிக்கும் கீழே. தென்மேற்குக் காற்றில் 25 டிகிரி அனுபவித்துக்கொண்டிருக்கும்போது, வழக்கமான மேற்குத் திசையை விட்டு வடகிழக்கிலிருந்து குளிர்காற்று நழுவி உள்ளே வரும். மதியத்துக்குள் 10 டிகிரி. உள்ளூர் வானிலையாளர்கள் இதைக் ‘கொல்லைப்புறக் குளிர்’ என்ற பொருளில் அழைக்கிறார்கள். செப்டம்பர், அக்டோபரில் கனடாவின் நிலமும் சுற்றியுள்ள கடலும் இன்னும் கோடையின் வெப்பத்தை வைத்திருக்கும். அதனால் நாட்டின் பெரும்பகுதிக்கு அதுதான் நிதானமான காலம். டென்வர் மட்டும் விதிவிலக்காக நிற்கும். 2020 செப்டம்பர் 5 அன்று அங்கே 38 டிகிரி, 8ஆம் தேதி பனிப்பொழிவு.

பலரும் கவனிக்காத ஒரு விஷயம், ஆட்டம் இரண்டு பக்கமும் சமமாக இருப்பதில்லை என்பது. வளைகுடாக் கரையில் குளிர்காலத்துக்கு மேலே கூரை உண்டு, கீழே தரை கிடையாது. தெற்கிலிருந்து எவ்வளவு காற்று வந்தாலும் கடல்நீரின் வெப்பத்தைவிடப் பெரிதாகச் சூடாகாது. வடக்கிலிருந்து வருவதற்கு அப்படி எந்த எல்லையும் இல்லை. டல்லாஸ் பக்கம் பிப்ரவரி நடுவில் இயல்பான பகல் வெப்பம் 15 டிகிரி போல. 2021 பிப்ரவரி 16 காலையில் மைனஸ் 19. மாநிலம் முழுக்கப் பெரிய அளவில் மின்சாரம் தடைபட்டது அந்த வாரத்தில்தான். மேற்குக் கரையில் கோடையில் இது தலைகீழ். கடல் குளிர்ச்சிக்கு ஒரு கீழ் எல்லை வைத்திருக்கிறது, ஆனால் காற்று திரும்பி நிலத்திலிருந்து மலையிறங்கி வந்தால் மேலே எல்லை இல்லை. ஜூன் கடைசியில் பகலில் 25 டிகிரி இயல்பாக உள்ள, ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டில் 2021 ஜூன் 28 அன்று 46.7. அதே நாளில் சியாட்டிலில் 42. சான் பிரான்சிஸ்கோவில் 2017 செப்டம்பர் 1 அன்று 41. அமைதியான ஊர்களில் வரும் அதிர்ச்சி இந்த வகைதான். சியாட்டிலில் குளிர்சாதனம் இல்லாத வீடுகள் ஏராளமாக இருந்ததால் அந்த வாரம் பலருக்கு உயிர்ப் பிரச்சினையாகவே ஆனது.

புவி வெப்பமடைவதால் ஆட்டம் கூடுகிறதா என்றும் கேட்பீர்கள். ஆர்க்டிக் மற்ற இடங்களைவிட வேகமாகச் சூடாகிறது. அதனால் வடகாற்றின் கடுமை குறைகிறது. மேலே சொன்ன கணக்குப்படி பார்த்தால் குளிர்காலத்தின் நாளுக்கு நாள் ஏற்ற இறக்கம் சுருங்க வேண்டும். வட அட்சரேகைகளின் நீண்டகாலப் பதிவுகளும் பொதுவாக அதையே காட்டுகின்றன. இரவுகள் பகலைவிட வேகமாகச் சூடானதால் பகல் இரவு இடைவெளியும் பல இடங்களில் குறைந்திருக்கிறது. ஜெட் காற்றோட்டம் அதிகமாக வளைந்து நெளிகிறதா என்பதில்தான் ஆய்வாளர்களிடையே சண்டை தீரவில்லை. கோடையில் மண் காயும் இடங்களில் வெப்பத்தின் மேல் முனை நீளலாம் என்ற கவலை எனக்கு நியாயமாகவே படுகிறது.

சரி, உங்கள் மூன்று ஊர்களுக்கு வருவோம். அமெரிக்க தேசிய வானிலைச் சேவை ஒவ்வொரு ஊருக்கும் தேதிவாரியாக இயல்பு வெப்பநிலையையும் சாதனைப் பதிவுகளையும் இலவசமாகத் தருகிறது; இப்போது பயன்பாட்டில் இருக்கும் இயல்பு 1991 முதல் 2020 வரையிலான 30 ஆண்டுகளுக்குரியது. ஆண்டு எண்ணை விட்டுவிட்டு ஜனவரி, ஏப்ரல், ஜூலை மூன்றையும் தனித்தனியாகத் திறந்து பாருங்கள். இயல்புக்கும் அதிகபட்சப் பதிவுக்கும் எவ்வளவு தூரம், இயல்புக்கும் குறைந்தபட்சப் பதிவுக்கும் எவ்வளவு தூரம் என்று இரண்டையும் ஒப்பிடுங்கள். எந்தப் பக்கம் நீளமோ அந்தப் பக்கம்தான் வீட்டைத் தயார் செய்ய வேண்டும். டென்வர் என்றால் ஒரே வாரத்துக்கு இரண்டு பருவத்துத் துணி, வெளிக்குழாய் உறையாமல் பார்த்துக்கொள்வது. பாஸ்டன் என்றால் நல்ல வெப்பமூட்டும் வசதி, மே மாதம் வரை கோட்டைப் பெட்டியில் வைக்காத பொறுமை. சியாட்டில் என்றால் ஒரு மழைச்சட்டை போதும் என்பார்கள். வீடு பார்க்கும்போது குளிர்சாதனம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.